பெயர் இல்லாத குரல்

மார்கழி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீடு. பொங்கலுக்காக அலமாரியைத் துப்புரவு செய்கிறார்கள். பழைய சேலைகளுக்கு அடியில் ஒரு சி.டி. தட்டு கிடைக்கிறது. பளபள என்று மின்னுகிறது. அதன் மேல் ஓர் எழுத்துக்கூட இல்லை.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

பையன் அந்தத் தட்டை எடுத்துப் பழைய பெட்டியில் போடுகிறான். தாலாட்டு ஒன்று கேட்கிறது. வயதான குரல். ஆனாலும் இனிமையான குரல்.

"அம்மா, இது யாரு பாடுறது?"

"ஆச்சி குரல் மாதிரி இருக்குப்பா."

"எந்த ஆச்சி? அப்பாவைப் பெத்த ஆச்சியா, பெரிய ஆச்சியா?"

"தெரியலையேப்பா. அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே குரல். உங்க அக்காவைத் தொட்டில்ல போட்ட அன்னிக்கு ரெண்டு பேரும் பாடுனாங்க."

பையன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. இரண்டு ஆச்சிகளும் காலமாகி விட்டார்கள்.

குரல் இருக்கிறது. பெயர் போய்விட்டது!

தட்டின் மேல் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரி எழுத அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டிலேயே தட்டு

சி.டி. தட்டு 1982-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் கம்பெனியும், ஜப்பான் நாட்டின் சோனி கம்பெனியும் சேர்ந்து அதை உருவாக்கின.

முதலில் தட்டு செய்வது தொழிற்சாலை வேலையாகவே இருந்தது. ஓர் அச்சு செய்வார்கள். அந்த அச்சை வைத்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுப்பார்கள். ஆயிரம் தட்டு என்றால் செலவு கட்டுபடி ஆகும். ஐம்பது தட்டு என்றால் ஆகாது. அச்சுக் கூலிக்கே பணம் போய்விடும்.

பிறகு, வெறும் தட்டு வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்யும் வசதி வந்தது. "சி.டி. ரைட் பண்ணுவது" என்று எல்லோரும் அதைச் சொன்னார்கள். பத்து வேண்டுமா? பத்து செய்யலாம். ஐம்பது வேண்டுமா? ஐம்பது செய்யலாம். சாப்பாட்டு மேஜையே தொழிற்சாலை! வீட்டுப் பிள்ளைகளே தொழிலாளர்கள்!

கல்யாணம், காது குத்து, வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா, தெருப் பஜனை. இவற்றை எல்லாம் தட்டில் பதிந்து, உறவினர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இப்படித்தான் பரவியது.

"இதெல்லாம் பிள்ளை விளையாட்டு" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பெரிய கம்பெனிகள் யாருடைய பாட்டைப் பதிவு செய்யும்? பெயர் பெற்றவர்களின் பாட்டைத்தான். தெருக்கோடியில் இருக்கும் ஆச்சியின் தாலாட்டைத் தேடி அவர்கள் வருவார்களா? வரமாட்டார்கள். விற்குமா, விற்காதா என்று கணக்குப் பார்ப்பது அவர்கள் தொழில்.

நாட்டுப் பாடல்களைத் தேடி ஊர் ஊராகப் போனவர்கள் உண்டு. நவநீதகிருஷ்ணன் - விஜயலட்சுமி தம்பதிகள் அப்படிப்பட்டவர்கள். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் எத்தனை பேர் போனாலும் எல்லா வீட்டுக் கதவையும் தட்ட முடியுமா?

ஆகவே, ஒரு வீட்டின் குரலை அந்த வீடுதான் காக்க வேண்டும். சொந்த பந்தத்துக்காகச் செய்யும் 50 தட்டு சின்ன வேலை அல்ல. அது பெரிய வேலை. ஆனால் அதைப் பெயரோடு செய்ய வேண்டும். பெயர் இல்லாமல் செய்தால் பாதி வேலைதான் செய்தது ஆகும்.

கோதை காட்டிய வழி

இதை வேறு யாரிடமும் போய்க் கற்க வேண்டியது இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பாடம் இருக்கிறது.

ஆண்டாள் பாடிய திருப்பாவையில் 30 பாசுரங்கள். மார்கழி பிறந்தால் தமிழ்நாடு முழுவதும் அவை ஒலிக்கும். முப்பதாவது பாசுரத்தில் ஆண்டாள் என்ன செய்தாள்?

தன் பெயர் கோதை என்று சொன்னாள். தந்தை பட்டர்பிரான் என்று சொன்னாள். ஊர் புதுவை என்று சொன்னாள். அது ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய பெயர். பாட்டு மொத்தம் முப்பது என்று எண்ணிக்கையும் சொன்னாள். பாடியது தமிழ் மாலை என்றும் சொன்னாள்.

பாடியவர் யார்? யாருடைய மகள்? எந்த ஊர்? என்ன பாட்டு? எத்தனை பாட்டு? ஐந்து கேள்விக்கும் அந்த ஒரே பாசுரத்தில் பதில் இருக்கிறது. இதைவிட நல்ல உறை உண்டா?

ஓலை மாறியது. காகிதம் வந்தது. இசைத்தட்டு வந்தது. கேசட் வந்தது. சி.டி. வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கோதையின் பெயர் மறையவில்லை. ஏன்? பெயர் உறையில் மட்டும் இல்லை. பாட்டுக்கு உள்ளேயே இருக்கிறது!

பெயர் சொன்ன பாடகி

1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு சம்பவம் நடந்தது.

கிராமபோன் கம்பெனியார் இந்தியப் பாட்டைப் பதிவு செய்யக் கடல் கடந்து வந்தார்கள். கவுகர் ஜான் என்ற புகழ் பெற்ற பாடகி அவர்களுக்குப் பாடிக் கொடுத்தார். பாட்டு முடிந்ததும், தன் பெயரை உரக்கச் சொன்னார்.

எதற்காக? அந்தக் காலத்தில் இசைத்தட்டுகளை ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில் அழுத்தி எடுத்தார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்கு நம் நாட்டு மொழி தெரியாது. எந்தத் தட்டில் எந்த உறைச் சீட்டை ஒட்டுவது என்று குழம்பிப் போவார்கள். தட்டே தன் பெயரைச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை அல்லவா?

இன்றைக்கும் இதை எந்த வீட்டிலும் செய்யலாம். ஒரு காசு செலவு இல்லை. பாடத் தொடங்கும் முன்பு, பாடுகிறவர் தன் பெயர், ஊர், தேதி மூன்றையும் சொல்ல வேண்டும். பிறகு பாட வேண்டும். உறை கிழிந்தாலும், மை அழிந்தாலும், குரலே சாட்சி சொல்லும்.

தீப்பெட்டிக்கு உள்ள மரியாதை

இந்த வட்டாரத்தில் எந்தப் பொருள் பெயர் இல்லாமல் வெளியே போகிறது?

சிவகாசியைப் பார்க்கலாம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்ததுதான் சிவகாசி அச்சுத் தொழில். இன்று காலண்டரும் நோட்டுப் புத்தகமும் அங்கிருந்து நாடெங்கும் போகின்றன. எரிந்து சாம்பலாகப் போகும் குச்சிக்கே வண்ண வண்ண லேபிள்!

இராஜபாளையம் பஞ்சாலை ஊர். நூல் மூட்டை வெளியே போகும்போது மில்லின் பெயரும் நூல் நம்பரும் அதில் இருக்கும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்கிறார்கள். மருந்துக் கடைக்கு வரும் கட்டுத் துணிப் பொட்டலத்தில் செய்தவர் பெயர் இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அந்த ஊர்ப் பெயரைப் போட்டு வேறு ஊர்க்காரர்கள் பால்கோவா விற்கக் கூடாது. ஊர்ப் பெயருக்குச் சட்டமே காவல் நிற்கிறது.

தீக்குச்சிக்குப் பெயர் உண்டு. நூலுக்குப் பெயர் உண்டு. இனிப்புக்குப் பெயர் உண்டு. பெற்ற தாயின் குரலுக்கு மட்டும் பெயர் வேண்டாமா?

தட்டின் உடம்பு

தட்டின் மேல் எழுதும் முன்பு அதன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

சி.டி. தட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். கனம் 1.2 மில்லிமீட்டர். பெரும் பகுதி கெட்டியான பிளாஸ்டிக். வீட்டில் பதிவு செய்யும் தட்டில், அந்தப் பிளாஸ்டிக்குக்கு மேலே மெல்லிய சாயப் பூச்சு இருக்கிறது. அதற்கு மேலே கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் உலோகப் பூச்சு. அதற்கும் மேலே மெல்லிய மெருகு. அவ்வளவுதான்.

பாட்டு எங்கே இருக்கிறது? சாயப் பூச்சில் இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி புள்ளியாக அடையாளம் வைக்கிறது. நடுவில் தொடங்கி வெளியே சுற்றிச் சுற்றிப் போகும் அந்தக் கோட்டை நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும்! ஒரு தட்டில் 74 அல்லது 80 நிமிஷப் பாட்டு அடங்கும்.

பளபளக்கும் அடிப்பக்கத்தில்தான் பாட்டு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆகவே அந்தப் பக்கத்தை மட்டும் பத்திரமாகப் பார்க்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு மிக அருகில்தான் பாட்டு இருக்கிறது. கீழே லேசாகக் கீறினால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். மேலே கீறினால் பாட்டே போய்விடும்.

அதனால் பால்பாயின்ட் பேனாவால் தட்டின் மேல் அழுத்தி எழுதக் கூடாது. சி.டி.க்கு என்று விற்கும் மென்மையான முனை உள்ள மார்க்கர் பேனாதான் நல்லது. நடுத் துளையைச் சுற்றி வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும் வட்டத்தில் எழுதினால் இன்னும் நல்லது. அங்கே பாட்டு இல்லை.

ஸ்டிக்கர் ஒட்டுவதும் கெடுதல். கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் தட்டு வேகமாகச் சுற்றும்போது ஆடும். நாளானால் ஓரம் பிரியும். பிய்த்து எடுத்தால் மேல் பூச்சும் சேர்ந்து வரும். அமெரிக்க அரசின் தேசிய தர அளவை நிறுவனம் 2003-இல் ஒரு கையேடு வெளியிட்டது. நாள்பட வைக்கும் தட்டில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம் என்று அதுவும் சொல்லியிருக்கிறது.

படம் அச்சடிக்க ஆசையா? மேல்பக்கம் வெள்ளைப் பூச்சு உள்ள தட்டு என்று கேட்டு வாங்க வேண்டும். தட்டு வைக்கும் தாங்கி உள்ள இங்க்ஜெட் பிரிண்டர் இருந்தால் நேராகவே அச்சடிக்கலாம். முதலில் ஒரு தட்டில் அடித்துப் பார்க்க வேண்டும். மை நன்றாகக் காயும் வரை அடுக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் மை கலையும்.

உறையில் என்ன எழுதுவது?

தட்டின் மேல் இடம் கொஞ்சம். ஆகவே விவரத்தை எல்லாம் உறையில் வைக்கும் காகிதத்தில் எழுத வேண்டும்.

சி.டி. பெட்டியின் முன் பக்கக் காகிதம் 12 சென்டிமீட்டர் சதுரம். சாதாரண ஏ-4 தாளில் அப்படி இரண்டு வெட்டலாம். 50 தட்டுக்கு 25 தாள் போதும். நிறைய எழுத வேண்டும் என்றால் 24-க்கு 12 சென்டிமீட்டராக வெட்டி நடுவில் மடிக்கலாம். நான்கு பக்கம் கிடைக்கும். அதற்கு ஒரு தட்டுக்கு ஒரு தாள் ஆகும்.

வண்ணப் படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பூ வேலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஐந்து விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்:

பாடியவர் யார்? அவர் யாருடைய மகள் அல்லது மகன்?

எந்த ஊர், எந்த வீடு, என்ன விசேஷம்?

என்ன தேதி, என்ன ஆண்டு?

என்ன பாட்டு? அதை யாரிடம் கற்றார்?

பதிவு செய்தவர் யார்? எத்தனை தட்டு செய்தார்?

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியுமே, எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்கலாம். இன்றைக்குத் தெரியும். முப்பது வருஷம் கழித்துப் பேரனுக்குத் தெரியுமா? காகிதம் அவனுக்காகத்தான்.

கையால் எழுதினாலும் மதிப்புக் குறையாது. எழுதப் படிக்கக் கற்ற அம்மா, தன் தாயின் பெயரைத் தன் கையால் உறையில் எழுதினால், அந்த எழுத்துக்கு எந்த அச்சகமும் ஈடாகாது.

சட்டமும் பெயரைக் கேட்கிறது

விற்பனைக்கு என்று தட்டு வெளியிடுகிறவர்கள் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அதில் 52-ஏ என்று ஒரு பிரிவு. ஒலிப்பதிவை வெளியிடும்போது, பதிவு செய்தவர் பெயரும் முகவரியும், உரிமை உள்ளவர் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் தட்டிலும் உறையிலும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மீறினால் சிறைத் தண்டனைகூட உண்டு.

பிறர் வெளியிட்ட சினிமாப் பாட்டையும் பக்திப் பாட்டையும் நகல் எடுத்து விற்பது குற்றம். தமிழ்நாட்டில் 2004-இல் திருட்டு வீடியோத் தொழில் செய்கிறவர்களையும் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தார்கள்.

"திருப்பாவை பழைய பாட்டுத்தானே, அதற்கு யார் உரிமை கேட்பார்கள்?" என்று சிலர் சொல்வார்கள். பாட்டு எல்லோருக்கும் சொந்தம். அதை யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் ஒருவர் பாடி ஒருவர் பதிவு செய்த தட்டு அவர்களுடையது. ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு. ஆகவே, அடுத்தவர் தட்டை நகல் எடுப்பதை விட, வீட்டுப் பெண் பாடுவதைப் பதிவு செய்வது நல்லது. அதுதான் சுலபம், அதுதான் பெருமை.

பாடுகிறவரிடம் சம்மதம் கேட்பதும் அவசியம். "பெரியம்மாதானே, என்ன சொல்லப் போகிறார்கள்?" என்று இருந்துவிடக் கூடாது. குரல் அவருடையது. கேட்பதுதான் மரியாதை.

இனி யார் தட்டு கேட்கிறார்கள்?

இது நியாயமான கேள்வி. சி.டி. போடும் பெட்டி இன்று பல வீடுகளில் இல்லை. புதிய கம்ப்யூட்டர்களில் தட்டு போடும் வாய் இல்லை. இந்தியாவில் தட்டு செய்வதில் பெயர் பெற்ற மோசர் பேயர் கம்பெனியையே 2018-இல் கலைக்க உத்தரவாகி விட்டது. எல்லாம் கைபேசியில் வந்துவிட்டது.

சரி, கைபேசியில் இருக்கும் குரலுக்காவது பெயர் இருக்கிறதா? அங்கே நிலைமை இன்னும் மோசம்! எண்களே பெயராக நூற்றுக்கணக்கில் பதிவுகள் கிடக்கின்றன. கைபேசி தண்ணீரில் விழுந்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். தட்டையாவது கையில் எடுத்துப் பார்க்கலாம். உறைக்குள் ஒரு காகிதம் வைக்கலாம். கல்யாணமாகிப் போகும் மகளிடம் "இது உன் ஆச்சி பாடியது" என்று கொடுக்கலாம்.

அதற்காகத் தட்டை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. தட்டும் சாகும். சாயப் பூச்சுக்கு வெயிலும் ஆகாது, வெப்பமும் ஆகாது. ஜன்னல் ஓரத்திலும் டெலிவிஷன் பெட்டி மேலும் தட்டை வைக்கக் கூடாது. ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். துடைத்தால் நடுவில் இருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. உறையில் போட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் இன்னொரு நகல் வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, சொந்தக்காரர் வீட்டில் ஒன்று. மூன்றிலும் அதே பெயர், அதே ஊர், அதே தேதி. பழைய தட்டு பாடும்போதே நகல் எடுத்துவிட வேண்டும். அது நின்றுபோன பிறகு அழுது பயன் இல்லை.

ஒரு வரி போதும்

இராஜபாளையத்துக்காரர் பி. எஸ். குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் தலைமைப் பதவியில் இருந்தவர். அவர் தம்முடைய சொந்த வீட்டையே கலைக்காகக் கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம்.

கலைக்காக வீடு கொடுக்க எல்லோராலும் முடியாது. ஒரு வரி எழுத எல்லோராலும் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அலமாரியைத் திறக்கலாம். பெயர் இல்லாத தட்டுகளை எல்லாம் வெளியே எடுக்கலாம். வீட்டில் மூத்தவரை நடுவில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கலாம். "இது யார் குரல்?" என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளே எழுதட்டும்.

சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டும். அந்த ஆள் போன பிறகு தட்டு பாடும். பெயர் சொல்லாது.